இடப்பக்கம் எதிராளிக்கு

டீச்சர் பதில்கள்

அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் 31 வருஷம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஊர் ராசிபுரம். ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடி சட்டம், அரசாங்கம், சமூகம் என்று பேசுவோம். பேச வருகிறவர் கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்க வேண்டும். இடப்பக்கத்தில் எதிராளி சொல்வதை எழுத வேண்டும், வலப்பக்கத்தில் தான் சொல்வதை. இடப்பக்கம் காலியாக இருந்தால் அன்றைக்குப் பேச்சு கிடையாது, உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகலாம். சைவ சித்தாந்தப் பெரியவர்கள் பரபக்கம், சுபக்கம் என்று பிரித்து, பிறர் கொள்கையை முழுதாகச் சொன்ன பிறகே தன் கொள்கைக்கு வந்தார்கள். அந்தப் பழைய வழியைத்தான் நோட்டுக்குள் கொண்டுவந்தேன். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுக்குள் நடக்கும் வாக்குவாதம் பற்றியவை. அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டீச்சரம்மா, என் அண்ணன் குடியால் போனார். டாஸ்மாக்கை ஒரே நாளில் இழுத்து மூட வேண்டும் என்பது என் கட்சி. என் மருமகனோ, “மூடினா கள்ளச்சாராயம்தான் ஓடும் அத்தை, விவரம் தெரியாம பேசாதீங்க” என்கிறார். தீபாவளிக்கு வந்தவர்கள் இந்தப் பேச்சிலேயே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அவர் வாயை அடைக்க நல்ல வாதம் ஒன்று சொல்லுங்கள். (வாசகி, ஆத்தூர்)

பதில்: தங்கச்சி, உங்கள் வீட்டில் அண்ணன், என் வீட்டில் தம்பி. 2011 ஆடி மாதம், 44 வயசு. கை கால் குச்சியாகி வயிறு மட்டும் பானை மாதிரி வீங்கிப் போனான். அதனால் உங்கள் ஆத்திரம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வாயை அடைக்கிற வாதத்தை நான் தரமாட்டேன். வாய் அடைத்துப் போனவர் அடுத்த தீபாவளிக்கு வரமாட்டார், அவ்வளவுதான் நடக்கும்.

மதுவிலக்கைப் பற்றிப் பேச வேண்டும் என்று வந்தபோது என்னுடைய நோட்டில் இரண்டு ஞாயிறு இடப்பக்கம் காலியாகவே கிடந்தது. எழுத மனசு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, மில் வேலைக்குப் போகிற ஒரு பையன் கேட்டான்: “டீச்சர், காந்தி ஜெயந்தி அன்னிக்குக் கடை கிடையாதே, உங்க தம்பி அன்னிக்கு என்ன பண்ணுவார்?”

என்ன பண்ணுவான் என்று எனக்குத்தான் தெரியுமே. கையில் காசிருந்தால் முதல் நாளே வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடுவான். இல்லாவிட்டால் காலையிலேயே செங்கல் சூளைப் பக்கம் போவான். அங்கே முள்ளுக்காட்டுக்குள் ஒருவன் கோணிப்பையை விரித்து உட்கார்ந்திருப்பான். கடை விலையைப் போல ஒன்றரை மடங்கு. ஒரு வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி அம்மாவின் பித்தளைக் குடம் அப்படித்தான் அடகுக்குப் போனது. அடுத்த வாரம் நான் போய் மீட்டு வந்தேன். கழுத்துக்குக் கீழே ஒரு நசுங்கலோடு திரும்பி வந்த குடம் இப்போதும் புழக்கத்தில் இருக்கிறது. அதையெல்லாம் அன்று இடப்பக்கத்தில் எழுதினேன். எழுதிவிட்டு, வலப்பக்கத்தில் நான் முதல் வரியாக வைத்திருந்த ‘கடை இல்லையென்றால் குடி இல்லை’ என்பதை அடித்தேன்.

அடித்துவிட்டதால் என் கட்சி தோற்றுப் போய்விடவில்லை. மருமகன் எழுத வேண்டிய பக்கமும் ஒன்று உண்டு. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது நம் பழைய சேலம் ஜில்லாவில்தான். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்றைக்கு அதற்குள் அடக்கம். அம்மாவுக்கு அப்போது ஏழு வயசு. “அந்த வருஷம் தீபாவளிக்குத்தான் அப்பன் எனக்கு முதல்முதலாப் புதுப் பாவாடை எடுத்துக் குடுத்தாங்க” என்று சாகிற வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கடை மூடி ஒரு மாசத்தில் ஒரு பாவாடை. இதைப் புள்ளிவிவரம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்தப் பாவாடையை இல்லை என்று சொல்ல மருமகனாலும் முடியாது.

சாராய வருமானம் போன ஓட்டையை அடைக்கத்தான் 1939-ல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. நாம் அறுபது எழுபது வருஷம் கடைகளில் கட்டிய அந்த வரியின் பிறப்பே மதுவிலக்கில் இருக்கிறது. 1948-ல் மதுவிலக்கு மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் தளர்ந்தது, 1974-ல் திரும்ப வந்தது, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 2003 கடைசியில் அரசாங்கமே சில்லறைக் கவுன்ட்டரில் வந்து நின்றது. ஆக, 1948-லிருந்து 1971 வரை ஒரு தலைமுறையே சாராயக்கடைப் பலகையைப் பார்க்காமல் வளர்ந்திருக்கிறது. ‘மூடவே முடியாது’ என்கிறவருக்கு இதைச் சொல்லலாம்.

கள்ளச்சாராயத்துக்கு வருவோம். மருமகன் பீகாரைக் காட்டுவார். காட்டட்டும், அதில் நியாயம் இருக்கிறது. 2016 ஏப்ரலில் அங்கே முழு மதுவிலக்கு வந்தது. அந்த வழக்குகளாலேயே நீதிமன்றங்கள் நிரம்பி வழிகின்றன என்று 2021-ல் அப்போதைய தலைமை நீதிபதி ரமணா வெளிப்படையாகப் பேசினார். 2022-ல் முதல் தடவை பிடிபடுகிறவரை அபராதத்தோடு விடலாம் என்று சட்டத்தையே தளர்த்தினார்கள். அதே வருஷம் டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் கள்ளச்சாராயத்துக்குக் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். இதெல்லாம் உங்கள் இடப்பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் திருப்பிக் கேட்க ஒன்று இருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் செத்தவர்களும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் செத்தவர்களும் கடை மூடிய ஊரிலா செத்தார்கள்? மாநிலம் முழுக்க 4,800-க்கு மேல் டாஸ்மாக் கடை திறந்திருந்தபோதுதானே! கடைச் சரக்கு விலைக்குக் கூலி போதாதவர்தான் பாக்கெட் சாராயத்துக்குப் போகிறார். கடை திறந்திருந்தாலும் அது ஓடுகிறது, மூடினாலும் ஓடுகிறது. அதனால் ‘மூடினால் ஓடும்’ என்பதில் பாதிதான் உண்மை. அந்தப் பாதியை நீங்கள் ஒத்துக்கொண்டால் மீதிப் பாதியை அவர் ஒத்துக்கொள்வார்.

இனி காசு. உங்கள் பக்கத்தார் யாரும் தொடாத இடம் இது. 2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். மாநிலத்தின் சொந்த வரி வருமானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை 2024-ல் சுமார் 1 கோடியே 15 லட்சம் பேருக்குப் போனது. பெருக்கிப் பாருங்கள், வருஷத்துக்கு 13,800 கோடி. “அந்த ஆயிரம் எங்கிருந்து வரும் அத்தை?” என்று அவர் கேட்டால் உங்கள் கையில் பதில் இருக்க வேண்டும். 1939-ல் ராஜாஜிக்கு விற்பனை வரி என்று ஒரு வழி இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு மாநிலம் தன்னிஷ்டத்துக்கு அப்படி ஒரு வரியைக் கூட்ட முடியாது. பெட்ரோல், டீசல், மது என்று சிலதுதான் மாநிலத்தின் கையில் மிஞ்சியிருக்கின்றன. மதுவிலக்கால் பிறந்த வரி கையை விட்டுப் போனதும் மதுவே வரியாக மாறி நிற்கிறது. எந்தக் கட்சி வந்தாலும் கடையை விட மனசில்லாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதை யோசிக்காமல் ‘நாளைக்கே மூடு’ என்பவரிடம் எனக்கு வருத்தம் உண்டு. ‘வருமானம் வேண்டுமே’ என்று அதோடு பேச்சை முடித்துக்கொள்பவரிடம் அதைவிட அதிக வருத்தம் உண்டு.

என் நிலையைக் கேட்டால் சொல்கிறேன். 2016, 2017, 2023 என்று மூன்று தடவை ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளைக் குறைத்தார்கள். மொத்தத்தில் வருமானம் குறையவில்லை, ஏறியது. ஆகவே கடையின் எண்ணிக்கையை மட்டும் குறைத்துப் பயனில்லை. நேரத்தைக் குறைக்க வேண்டும். அதற்கும் முன்னால், ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் குடி நிறுத்துகிறவர்களுக்கென்று படுக்கை போட வேண்டும். என் தம்பி கட்டிலில் படுத்த மூன்றாம் நாள், குடி இல்லாமல் வலிப்பு வந்து, என் கையைக் கடித்தான். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினான். நாள்பட்ட குடிகாரருக்குத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதை அன்றைக்குத்தான் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். இந்த மாநிலத்தில் ஒரே நாளில் கடையை மூடினால் அன்று ராத்திரி எத்தனை வீட்டில் அப்படிக் கத்துவார்கள், அவர்களைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? படுக்கை தயாரான பிறகு ஒரு தேதி குறித்து மூடுங்கள், நான் முதல் ஆளாக வந்து நிற்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. மருமகனுக்குப் போன் போடுங்கள். “மாப்பிள்ளை, நீங்க சொன்னது இதுதானா, நான் சரியா வெளங்கிக்கிட்டேனான்னு பாருங்க” என்று அவர் வாதத்தை அவரிடமே சொல்லுங்கள். உங்கள் வாதத்தை அன்றைக்குச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: கள்ளச்சாராயம் குடித்துச் செத்தவன் குடும்பத்துக்குப் பத்து லட்சம். வயலில் தண்ணி கட்டப் போய்ப் பாம்பு கடித்துச் செத்தவன் குடும்பத்துக்கு? என் வரிப்பணத்தில் குடிகாரனுக்குப் பரிசா? எங்கள் டீக்கடையில் இதை ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. (வாசகர், சங்ககிரி)

பதில்: டீக்கடையில் மறுத்துப் பேச ஆள் இல்லை என்றால் இடப்பக்கம் காலி என்று அர்த்தம். நான் எழுதித் தருகிறேன்.

2024-ல் அந்தச் சாவுகள் விழுந்த கருணாபுரம் கள்ளக்குறிச்சி நகருக்குள்ளேயே இருக்கிற இடம், காட்டுக்குள் இல்லை. செத்தவர்கள் அறுபத்தைந்து பேருக்கு மேல். அதில் பெண்களும் உண்டு. அப்பா அம்மா இரண்டு பேரையும் பறிகொடுத்த பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் ஐயாயிரம் என்று அரசு அறிவித்ததே, அப்படிப் பிள்ளைகள் இருந்ததால்தானே? நீங்கள் ‘குடிகாரனுக்கு’ என்கிறீர்கள். வாங்கிக்கொள்ள அவன் உயிரோடு இல்லை. கை நீட்டி வாங்குகிறவள் அவன் போட்ட கூத்தையெல்லாம் அதுவரை தாங்கியவள்.

இன்னொன்று. அந்தச் சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால், உரிமம் இல்லாமல் வாங்கவோ விற்கவோ கூடாத விஷச்சரக்கு. அது பாக்கெட்டாகித் தெருவுக்கு வந்திருக்கிறது என்றால் காவல் தவறியிருக்கிறது. அரசே ஆட்சியரை மாற்றியது, மாவட்டக் கண்காணிப்பாளரைப் பணியிடை நீக்கம் செய்தது. தன் பக்கம் தவறில்லை என்றால் ஏன் செய்ய வேண்டும்? தவறியவர் கொடுப்பதற்குப் பெயர் ஈடு. பரிசு என்று சொல்லக் கூடாது.

ஆனால் உங்கள் கேள்வியில் பாம்பு கடித்தவர் வருகிறாரே, அவரைத் தள்ளிவிட என்னால் முடியாது. எந்தச் சாவுக்கு எவ்வளவு என்பது கூட்டம் கூடிய அன்றைக்கு, கேமரா முன்னால், முடிவாகிறது. கூட்டம் கூடாத சாவுக்கு மனு எழுதிக்கொண்டு அலைய வேண்டும். இதற்கு எழுதி வைத்த ஒரே விதி வேண்டும் என்று நீங்கள் வாதாடினால் நான் உங்கள் பக்கத்தில் வந்து உட்காருவேன். அடுத்த முறை டீக்கடையில் அதைப் பேசுங்கள்.

கேள்வி: பெண்களுக்கு ஓசி பஸ். நானும் கூலிக்காரன்தான், நான் மட்டும் காசு கொடுத்து நிற்கிறேன். இதைச் சொன்னால் வீட்டில் பெண்ணுரிமைக்கு எதிரி என்கிறார்கள். (வாசகர், பரமத்தி வேலூர்)

பதில்: தம்பி, நீங்கள் எதிரி இல்லை. ஆண் கூலிக்காரருக்கும் டிக்கெட் காசு பெரிசுதான். அதை உங்கள் வீட்டார் தங்கள் இடப்பக்கத்தில் எழுத வேண்டும்.

‘ஓசி’ என்ற சொல்லை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள். 2021 மே மாதம் தொடங்கிய இந்தத் திட்டத்தில் நடத்துநர் பூஜ்ஜியம் போட்ட சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். அந்தக் காசை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. எங்கள் தெருவுக்குப் பூ கொண்டுவரும் அம்மா முன்பெல்லாம் கூடையோடு மூணு மைல் நடந்து வருவாள், மதியத்துக்குள் பூ வாடிவிடும். இப்போது ஏழரைக்கு இறங்குகிறாள். கனகாம்பரம் ஈரம் காயாமல் இருக்கிறது. அந்த ஈரத்துக்கு விலை உண்டு, முழம் இத்தனை என்று அவள் கேட்டு வாங்குகிறாள்.

பெண்களுக்கு ஏன் முதலில் என்று கேட்டால், டிக்கெட்டுக்கு வீட்டில் கை நீட்ட வேண்டியிருந்தது யார் என்று உங்கள் வீட்டிலேயே விசாரியுங்கள். கூலி வேலைக்குப் போகும் ஆண்களுக்கும் சலுகை வேண்டும் என்று கேளுங்கள், அது நல்ல கோரிக்கை. அவளிடமிருந்து பிடுங்க வேண்டும் என்பது வேறு பேச்சு.

கேள்வி: கல்லூரிப் போட்டியில் ‘மரண தண்டனை வேண்டும்’ என்ற பக்கம் எனக்கு விழுந்திருக்கிறது. எனக்குத் தூக்குத் தண்டனையில் நம்பிக்கையே இல்லை. நம்பாததைப் பேசுவது பொய் சொல்வதாகாதா மேடம்? (மாணவி, திருச்செங்கோடு)

பதில்: பொய் ஆகாது கண்ணு. மேடையில் ‘இது என் நம்பிக்கை’ என்று சொன்னால் பொய். ‘இந்தத் தரப்பின் நியாயம் இது’ என்று சொன்னால் நீ ஒரு வக்கீல் வேலை பார்க்கிறாய். 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நாலு பேர் தூக்கு செல்லும் என்றார்கள், அரிதினும் அரிதான வழக்கில் மட்டும் என்று வரம்பு கட்டி. பகவதி ஒருவர் மட்டும் மாறுபட்டார். நீ முதலில் பகவதியைப் படி, அவர்தான் உன் எதிராளி. உனக்குப் பிடித்தவரும் அவர்தான் என்பதால் நன்றாகவே படிப்பாய். பிறகு அந்த நாலு பேரைப் படி. 2015-ல் சட்ட ஆணையம், பயங்கரவாதம், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது ஆகிய குற்றங்கள் தவிர மற்றவற்றுக்குத் தூக்கை எடுத்துவிடலாம் என்றது. ‘தவிர’ என்று ஏன் ஒரு விலக்கு வைத்தார்கள் என்பதிலிருந்து நீ பேச்சைத் தொடங்கலாம். கொலையுண்டவரின் வீட்டாருக்காக நாலு நிமிஷம் பேசிப் பார். நீ இதுவரை அவர்கள் பக்கம் நின்றதே இல்லையே.

கேள்வி: இடஒதுக்கீட்டைப் பொருளாதார அடிப்படையில் தருவதுதான் நியாயம் என்கிறான் என் மகன். நான் பதில் சொன்னால் ‘அந்தக் காலத்து ஆள்’ என்கிறான். (வாசகர், மேட்டூர்)

பதில்: நீங்கள் இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வாதத்தைத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்விக்கு இரண்டு பேரும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள்: இடஒதுக்கீடு எதற்கு? ‘வறுமையைப் போக்க’ என்று அவன் எழுதுவான். ‘உள்ளே விடாமல் வைத்திருந்தவர்களை நாற்காலியில் உட்கார வைக்க’ என்று நீங்கள் எழுதுவீர்கள். சண்டை அங்கேதான் இருக்கிறது.

2019-ல் அரசியல் சட்டத்தின் 103-ஆவது திருத்தம், ஏற்கெனவே ஒதுக்கீடு இல்லாத வகுப்புகளின் ஏழைகளுக்கென்று 10 விழுக்காடு ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஏற்றது. ஐந்து பெரிய நீதிபதிகளுக்கே ஒத்துப்போகவில்லை என்னும்போது அப்பனும் மகனும் ஒத்துப்போகாததில் அதிசயமில்லை. அவனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். அந்த ஒதுக்கீட்டில் வருமான வரம்பு வருஷம் எட்டு லட்சம். எட்டு லட்சம் சம்பாதிக்கிறவர் உங்கள் தெருவில் எத்தனை பேர்? மாதம் பதினைந்தாயிரம் வாங்கும் ஒரு தாழ்த்தப்பட்ட குடும்பம் அந்த ஏழைகள் பட்டியலில் ஏன் சேராது? நிதானமாகக் கேளுங்கள். என் முடிவு உங்கள் பக்கம்தான், ஆனால் அவன் எழுதியதைப் படிக்காமல் உங்களுக்கு வெற்றி கிடையாது.

கேள்வி: எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று எழுதுகிறீர்கள். தீண்டாமைக்கும் இரண்டு பக்கம் உண்டா? உங்கள் நோட்டில் சாதி வெறியனுக்கு இடப்பக்கம் ஒதுக்குவீர்களா? (வாசகர், தருமபுரி)

பதில்: ஒதுக்கமாட்டேன். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தப்புச் செய்து. அதைச் சொல்கிறேன்.

1994-ல் பள்ளி ஆண்டு விழா. பட்டிமன்றத்துக்கு நான் பொறுப்பு. ‘கலப்புத் திருமணத்தால் சமூகத்துக்கு விளைவது நன்மையா, தீமையா?’ என்று தலைப்புக் கொடுத்தேன். அன்றைக்கு அது முற்போக்கான தலைப்பு என்று பெருமை வேறு. தீமை என்று பேசிய மாணவி கெட்டிக்காரி, அடுக்கு மொழியில் வெளுத்து வாங்கினாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இரண்டாவது வரிசையில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, சிவப்பு ரிப்பனைப் பின்னலிலிருந்து உருவி, விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். தலையைச் சரியாகப் பின்னிக்கொண்டு உட்கார் என்று ஜாடை வேறு காட்டினேன். அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் வரவில்லை. நாலாம் நாள் அவளுடைய அம்மா வந்தாள்; சாதி மாறிக் கட்டிக்கொண்டவள். ஆசிரியர் அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்: “டீச்சர், என் புள்ளை பொறந்தது நல்லதா கெட்டதான்னு மேடை போட்டுக் கேட்டீங்களாமே?”

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ‘பரவால்ல மிஸ்’ என்றாள், எட்டாம் வகுப்புப் பிள்ளை வேறு என்ன சொல்லும்? அதிலிருந்து எந்தத் தலைப்பு வந்தாலும், கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் பிறந்ததே தப்பா சரியா என்று இது கேட்கிறதா எனப் பார்ப்பேன். கேட்டால் அந்தத் தலைப்பு எங்கள் மாடியில் ஏறாது. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு ஒழித்துவிட்டது. டீக்கடையில் தனிக் குவளை வைத்தவரின் ‘தரப்பை’க் கேட்க வேண்டிய இடம் காவல் நிலையம்.

ஆனால் எப்படி ஒழிப்பது என்பதில் வாதம் உண்டு, கட்டாயம் வேண்டும். 2016-ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பஸ் நிலையத்துப் பக்கத்தில், சாதி மாறிக் கட்டிக்கொண்ட ஒரு பையனை வெட்டிக் கொன்றார்கள். இப்படிப்பட்ட கொலைகளுக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்கிறார்கள். இருக்கிற சட்டத்தை ஒழுங்காக நடத்தினாலே போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். இரண்டு பேருமே கொலையை வெறுக்கிறவர்கள். அங்கே இரண்டு பக்கமும் நிரம்பட்டும். தனிச்சட்டம் வேண்டும் என்பது என் பக்கம். 2018-ல் உச்ச நீதிமன்றம் காவல் துறைக்கு விரிவாக வழிமுறை சொன்ன பிறகும், காதலித்துக் கட்டிக்கொண்ட பிள்ளைகள் தஞ்சம் கேட்டு எஸ்பி அலுவலக வாசலில் நிற்கும் படம் இன்னும் பேப்பரில் வந்துகொண்டிருக்கிறதே!

கேள்வி: இவ்வளவு சொல்கிற நீங்கள், வாதத்தில் தோற்று உங்கள் கருத்தை மாற்றிக்கொண்டது உண்டா? (வாசகி, நாமகிரிப்பேட்டை)

பதில்: உண்டு. கள் விஷயத்தில்.

தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 ஜனவரி 1 முதல் தடை. பக்கத்திலே கேரளாவில் கள்ளுக்கடை உண்டு, புதுச்சேரியில் உண்டு. நம் மாநில மரம் பனை, அதில் ஏறிக் கள் இறக்கினால் வழக்கு. எனக்கு இந்த முரண்பாடெல்லாம் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் ‘குடி குடிதான், அதில் கள்ளென்ன சாராயமென்ன’ என்று வலப்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். தம்பியைப் பறிகொடுத்தவள் வேறென்ன எழுதுவேன்?

நாலு வருஷம் முன்னால் பனை ஏறும் பெரியவர் ஒருவரை ஒரு பையன் மாடிக்குக் கூட்டிவந்தான். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நோட்டும் இல்லை. ஒரு மண் கலயத்தைக் கொண்டுவந்திருந்தார். மார்பிலும் கணுக்காலிலும் மரம் உரசிய காய்ப்பு. கலயத்தைச் சாய்த்து உள்ளே காட்டினார். அடியிலும் சுவரிலும் சுண்ணாம்பு தடவி வெள்ளையாக இருந்தது.

“இந்தச் சுண்ணாம்பு இருந்தா பதநீருங்க டீச்சர். புள்ளைங்களுக்குக் குடுக்கலாம், காய்ச்சினா கருப்பட்டி. தடவாம உட்டா அதே பாளை, அதே சொட்டு, கள்ளு. தடவினது கொஞ்சம் பத்தாமப் போயி, வெயிலு ஏறி, பொங்கிடுச்சுன்னு வெச்சுக்குங்க, நான் திருடன். ஒரு விரக்கடை சுண்ணாம்புங்க. நான் ஒரு மரத்துல ஏறி எறங்குனா எவ்வளவு கிடைக்கும்? கவர்மென்ட்டு கடையில ஒரு லாரி எறங்குது. என்னை மட்டும் ஏன் புடிக்கறாங்க?”

லாரியைப் பற்றி என் இடப்பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. தொழிற்சாலைச் சரக்குக்கு அரசே கவுன்ட்டர் போட்டு விற்கும்போது, மரத்திலிருந்து இறக்கியவரை மட்டும் குற்றவாளியாக்குவதற்கு என்னிடம் ஒரு நியாயமும் தேறவில்லை. குடியை ஒழிப்பது நோக்கமென்றால் லாரியிலிருந்து தொடங்க வேண்டும். கீழே இருந்து, அதுவும் ஏணிகூட இல்லாமல் ஏறுகிறவரிடமிருந்து, ஏன் தொடங்கினோம்? அந்த வரியை அன்றைக்கே அடித்தேன். கள்ளை வழக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று இப்போது எழுதியும் பேசியும் வருகிறேன்.

என் தம்பி பெண்டாட்டிக்கு இது பிடிக்கவில்லை. போன மாசம் வந்தவள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணி, அவரு முதமுதல்ல குடிச்சது கள்ளுதான், கோயில் திருவிழாவுக்குக் கேரளா எல்லைக்குப் போனப்ப. உங்களுக்குத் தெரியாது” என்றாள். எனக்கு நிஜமாகவே தெரியாது. அவள் சொன்னதை அப்படியே, அவள் வார்த்தையிலேயே, இடப்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். எதிர்ப்பக்கத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.